தட்டைவாயன் பச்சை

அந்தப் பெயிண்ட் கடையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. முதலாளிக்கும், பெயிண்டர்களுக்கும், எதிர்க்கடை டீ மாஸ்டருக்கும், சுவருக்கு நிறம் தேடி வருகிற ஊர்ச் சனத்துக்கும் அவர் கலர் அண்ணன். வீட்டில் மனைவிக்கு மட்டும் 'என்னங்க'. இந்த இரண்டு பெயரை வைத்துக்கொண்டே மனிதர் காலத்தை ஓட்டிவிட்டார்.

ஒரு சட்டைப் பொத்தானையோ, உடைந்த ஓட்டுத் துண்டையோ கொண்டுவந்து "அண்ணே, இதே கலர் வேணும்" என்று நீட்டினால் போதும். வெள்ளை டின்னைத் திறந்து, ஸ்டெய்னர் என்கிற சாயக் குப்பிகளிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு கறுப்பு என்று விட்டு, குச்சியால் கலக்கி, அட்டைத் துண்டில் ஒரு தீற்று தீற்றுவார். அது காயும்வரை வாயால் ஊதிக்கொண்டே கடை வாசலுக்கு நடப்பார். வாசல் வெளிச்சத்தில் பொத்தானையும் அட்டையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. டியூப்லைட்டை அவர் நம்பமாட்டார். அது வாடிக்கையாளரோடு சேர்ந்துகொண்டு தன்னை ஏமாற்றப் பார்க்கிறது என்பது அவர் கட்சி.

கோபம் மூக்கின்மேல் இருக்கும். "கிட்டத்தட்ட ஒண்ணுதானே அண்ணே, குடுத்துடுங்க" என்று யாராவது அவசரப்பட்டால் தீர்ந்தது.

"கிட்டத்தட்டன்னு ஒரு கலர் எங்க கடைல இல்ல. வேற கடையில கேட்டுப் பாருங்க" என்று டின்னை மூடிவிடுவார். போனவர்கள் திரும்பித்தான் வருவார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவிக்கோ கலர் என்பதே ஒரு பொருட்டில்லை. அந்த அம்மாள் பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தார். குழந்தைகள் 'பெரியம்மா' என்று கூப்பிடுவார்கள், அவர்களைப் பார்த்து டீச்சர்களும் அப்படியே கூப்பிடுவார்கள். நமக்கும் அதுவே இருக்கட்டும். பெரியம்மா அகராதியில் ஊதா, கத்தரிப்பூ என்றெல்லாம் கிடையாது. ஆறிப்போன டீ கலர், தபால்காரர் சைக்கிள் கலர், ஹெட்மிஸ்ட்ரஸ் குடை கலர், அவ்வளவுதான். "ஏம்மா, என்கூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் ஒரு நீலத்துக்கும் இன்னொரு நீலத்துக்கும் வித்தியாசம் தெரியலையே உனக்கு" என்று கலர் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, ரெண்டையும் துவைக்கத்தானே போறேன்" என்பது பதில்.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. அது வாத்து.

ஊருக்கு வெளியே, மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் மண் தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. மழைத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து அது ஒரு குளம் மாதிரி ஆகிவிட்டது. முழங்கால் ஆழம், அடியெல்லாம் சேறு, கரையெல்லாம் கோரை. மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடம். ஆனால் குளிர்காலத்தில் எங்கிருந்தோ வருகிற காட்டு வாத்துகளுக்கு அதைவிட்டால் சொர்க்கம் இல்லை. பெயிண்ட் வியாபாரம் படுத்துக்கிடக்கும் நடுக்குளிர் மாதங்களில், விடுமுறைக் காலைகளில், பிளாஸ்க்கில் டீயும் பையில் ரொட்டியுமாக இவர்கள் இரண்டு பேரும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில் போக வேறு இடம் தெரியாமல் ஒருநாள் போனது, அப்படியே பழக்கமாகிவிட்டது.

வருகிற வாத்துகளில் அதிகம் தட்டைவாயன். பெயரே ஆளைச் சொல்லிவிடும். அலகு உடம்புக்குப் பொருத்தமில்லாமல் நீளமாக, முனையில் கரண்டி மாதிரி அகன்றிருக்கும். அந்தப் பாரத்தில் முன்பக்கம் தாழ்ந்து, தூங்கி விழுகிற ஆள் மாதிரி நீந்தும். ஆணுக்குத் தலை பளபளக்கும் பச்சை, நெஞ்சு தும்பைப்பூ வெள்ளை, விலா செங்கல் சிவப்பு. பெண்ணுக்கு உடம்பெல்லாம் பழுப்பு, அதில் பொட்டுப் பொட்டாகக் கோடு.

அந்தப் பச்சையில்தான் கலர் அண்ணன் விழுந்தார். குடியிருக்கிற வீட்டை விலைக்கு வாங்கிய வருஷம், வாசல் கதவுக்கு அதே பச்சையைத் தானே கலந்து அடித்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி கலப்பார், மறுபடி அடிப்பார். ஒவ்வொரு தடவையும் தெருவில் இறங்கி நின்று, "நல்லா இருக்கா?" என்று கேட்பார். பெரியம்மா ஒவ்வொரு தடவையும் "நல்லா இருக்கு" என்பார். ஒவ்வொரு குளிர்காலமும் குளத்தில் முதல் பச்சைத்தலையைப் பார்த்ததும் அவர் தன் கண்ணுக்கே ஒரு பரீட்சை வைப்பார். எத்தனை சொட்டு நீலம், எத்தனை சொட்டு கறுப்பு என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, சரியாக வந்துவிட்டால் அந்த வருஷத்துக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பெரியம்மா பார்க்கிற விதமே வேறு. பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு பைனாகுலர் அவரிடம் இருந்தது. அண்ணன் அதைத் தொடமாட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கலர் கெட்டுப்போகுமாம். பெரியம்மா அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு யார் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். இந்தத் தட்டைவாயன் கூட்டம் இரை தேடுகிற அழகே அழகு. ஒன்றின் வால்பக்கம் இன்னொன்று அலகை வைத்துக்கொண்டு, வட்டமாகச் சுற்றிச்சுற்றி நீந்தும். சுற்றுகிற வேகத்தில் சேறு கலங்கி மேலே வரும். அலகை விட்டு அந்தத் தண்ணீரை அளைந்துகொண்டே போகும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இருப்பதால் தண்ணீர் வெளியே போய்விடும், பூச்சியும் விதையும் உள்ளே தங்கிவிடும்.

"எங்க பிள்ளைங்க ரயில் வண்டி விளையாடற மாதிரியே இருக்கு" என்பார் பெரியம்மா. "முன்னால போற குழந்தை டிஃபன் டப்பாவைத் திறந்தா பின்னால இருக்கறது கைய விடும்ல, அதே புத்தி."

"நீ வாத்து பாக்க வரல, பந்தி பாக்க வந்திருக்க" என்பார் அண்ணன்.

போகட்டும். வினை வந்த வருஷத்துக்கு வருவோம்.

கடையின் பழைய முதலாளி ஓய்வெடுத்து, மகன் பொறுப்புக்கு வந்திருந்தார். நல்ல பிள்ளை. அண்ணன் மேல் மரியாதையும் பாசமும் உண்டு. வாடிக்கையாளர்கள் வெயிலிலும் சாரலிலும் நிற்கிறார்களே என்று கடை முகப்பில் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு கூரை போட முடிவெடுத்து, நிறம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அண்ணனிடமே விட்டார். அவர் கேட்லாக்கைப் புரட்டி, கடைப் பலகைக்குத் தோதாக ஓர் ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தார். வெளிச்சம் ஊடுருவி இறங்கும்போது வாசலே கல்யாணக் களை கட்டியது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அண்ணனுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அதற்கப்புறம்தான் பல் டாக்டர் வந்தார். சண்டைக்கு வரவில்லை, தங்கமான மனுஷர். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, வெயிட்டிங் ரூம் சுவர்ல போன வருஷம் அடிச்ச அதே வெளிர்நீலம் கேட்டேனே... பாதிச் சுவர் ஒரு மாதிரி, பாதிச் சுவர் ஒரு மாதிரி வந்திருக்கு. வர்ற பேஷண்ட் எல்லாம் பல்வலிய மறந்துட்டு அதையே பாக்கறாங்க."

அண்ணன் நேரில் போய்ப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. அந்த வித்தியாசம் அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. தன் கையால் கலந்து, தன் கண்ணால் சரிபார்த்துக் கொடுத்தது. அப்போது எப்படித் தெரியாமல் போனது? கூடவே சலூன்காரர் வந்தார், அவருக்குக் கொடுத்த நீலமும் தப்பு. பிறகு ஒரு தையல்கடை. கோபக்காரர் என்று பெயரெடுத்தவர் ஒருவரிடமும் கோபப்படவில்லை. "மாத்தித் தந்துடறேன்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் முதலாளி பயந்துபோனார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஒருநாள் ஆரம்பித்தார் முதலாளி. "கலர் கலக்கற மெஷின் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். உங்களுக்கும் சிரமம் குறையும். நீங்க பாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து மேற்பார்வை பாத்துக்கலாம்."

பிள்ளை நல்ல மனசோடுதான் சொன்னது. ஆனாலும் அது முள்ளாகத் தைத்தது. அண்ணன் தலையாட்டிவிட்டுக் குப்பிகளைத் துடைக்கப் போய்விட்டார். ஏற்கெனவே துடைத்து வைத்த குப்பிகள்.

கண் போகிறது என்று அவர் தனக்குள் முடிவு கட்டிவிட்டார். கலர் கலக்குகிறவனுக்குக் கண் போனால் அப்புறம் என்ன மிச்சம்? வீட்டில் மூச்சுவிடவில்லை. ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. அதில் தேறிவிட்டால் போதும் என்று நினைத்தார். குளிர்காலம் இன்னும் சரியாகப் பிறக்கவில்லை. முதல் வாத்துகள் இறங்கிவிட்டன என்று சூளைப் பக்கம் போய்வந்த பெயிண்டர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்று மதியமே தலைவலி என்று ஒரு பச்சைப் பொய் சொல்லிவிட்டுத் தனியாகக் குளத்துக்கு நடந்தார். இவ்வளவு சீக்கிரம் அவர் ஒரு வருஷமும் அங்கே போனதில்லை. கடையில் வேலை நெட்டித்தள்ளும் பருவம் அது.

குளத்தில் வாத்துகள் இருந்தன. நிறையவே இருந்தன. ஒன்றின் தலைகூடப் பச்சை இல்லை.

கண்ணைக் கசக்கினார். வேட்டி நுனியால் துடைத்தார். கரையில் இடம் மாறி நின்று பார்த்தார். பழுப்பு, பழுப்பு, எல்லாம் பழுப்பு. வெள்ளை நெஞ்சு எங்கே? செங்கல் விலா எங்கே? அங்கே இருந்தது தட்டைவாயனா, ஊசிவால் வாத்தா, வேறு ஏதாவதா என்றே அவருக்குத் தெரியவில்லை. நிறம் போனபின் அவருக்கு எல்லா வாத்தும் ஒரே வாத்துதான். கோரைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவம், அழுதார் என்றுகூடச் சொல்லலாம். பார்த்தவர்கள் யாரும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரைப் பெரியம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். வாய் பேசத் தெரியாத குழந்தைகளுக்கு எங்கே வலிக்கிறது என்று நடையை வைத்தே கண்டுபிடித்துப் பழகியவர். செருப்பில் ஒட்டியிருந்த குளத்துச் சேற்றையும் பார்த்தார்.

"என்னை விட்டுட்டுக் குளத்துக்குப் போயிருக்கீங்க" என்றார்.

"சும்மா, காத்தாட."

"அந்தக் குளத்துக் காத்துக்கா? யாராவது கேட்டா சிரிப்பாங்க. என்னன்னு சொல்லுங்க."

அவர் ஒன்றுமில்லை என்றார். சாப்பாட்டுத் தட்டை வைத்தபோது பசியில்லை என்றார். பெரியம்மா பதில் பேசாமல் எதிரே உட்கார்ந்துகொண்டார். அடம்பிடிக்கிற பிள்ளைகளிடம் அவர் கையாளும் வித்தை அது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் கொட்டிவிட்டது. பல் டாக்டர் சுவர், சலூன், மெஷின், கடைசியில் குளம்.

"பச்சையே தெரியலம்மா. கண்ணு போச்சு. நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன். இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு."

பெரியம்மா தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "தட்டுல இருக்கற மிளகாய் என்ன கலர்?"

"பச்சை."

"தெரியுதுல்ல?"

"அது மிளகாய்ப் பச்சை. அதைக் குருடன்கூடக் கண்டுபிடிப்பான். நான் சொல்றது வாத்துப் பச்சை."

அவரோடு வழக்காடிப் பிரயோசனமில்லை என்று பெரியம்மாவுக்குத் தெரியும். "சரி, முதலாளிகிட்ட அப்புறம் பேசிக்கலாம். காலைல என்னைக் கூட்டிட்டுப் போங்க. அந்த வாத்துங்கள நானும் பாக்கணும். நம்மகிட்ட சொல்லாம எவ வந்து குடியேறியிருக்கான்னு பாக்கறேன்."

மறுநாள் காலை பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் பின்னால் வந்தார். வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. அதே பழுப்புக் கூட்டம், அதே இடம்.

பெரியம்மா பைனாகுலரைத் தூக்கக்கூட இல்லை. பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "அட, இது நம்ம ஆளுங்கதான்!"

"எப்படிச் சொல்ற?"

"சுத்துறாங்க பாருங்க. ரயில் வண்டி."

ஆமாம், சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, அலகைத் தண்ணீரில் அளைந்துகொண்டு, கலங்கல் வட்டம் ஒன்று குளத்தின் நடுவில் உருண்டது. அந்தக் கரண்டி அலகும், முன்பக்கம் தாழ்ந்த சவாரியும் வேறு எந்த வாத்துக்கும் கிடையாது. சற்றுத் தள்ளி, கழுத்து நீண்ட சில வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தன. "அவங்க ஊசிவால். அவங்களுக்குச் சாப்பிடறதுன்னா காலைத் தூக்கணும்" என்றார் பெரியம்மா. "நேத்து இதைக்கூடவா பாக்கல நீங்க?"

"நான் கலரைத்தான் பாத்தேன்" என்றார் அண்ணன், பரிதாபமாக. "எல்லாமே பொம்பளைங்களா இருக்கு. இல்லன்னா எனக்கு அப்படித் தெரியுது."

பெரியம்மா இப்போது பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். ஒவ்வொரு வாத்தாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என்னங்க, ஸ்கூல் திறக்கற அன்னைக்கு எங்க பிள்ளைங்க எப்படி இருக்கும் தெரியுமா? எல்லாம் ஒரே யூனிஃபார்ம், ஒரே தொப்பி. எது பையன் எது பொண்ணுன்னு பெத்தவங்களே முழிப்பாங்க. இவங்களும் யூனிஃபார்ம் போட்டுட்டு வந்திருக்காங்க. உடம்பெல்லாம் ஒரே பழுப்பு. ஆனா பாருங்க, சிலதுக்குக் கண்ணு கறுப்பா இருக்கு, சிலதுக்கு மஞ்சளா இருக்கு. நம்ம பச்சைத்தலைக்குக் கண்ணு மஞ்சள்தான். வருஷா வருஷம் பாத்திருக்கேன், அந்தப் பச்சையில மஞ்சள் பொத்தான் தைச்ச மாதிரி. கறுப்புக் கண்ணுக்குப் பின்னாலயே மஞ்சக்கண்ணு தலைய ஆட்டி ஆட்டிப் போகுது, அது ஆம்பளைதான். இந்தப் புத்தி எந்த உடுப்புப் போட்டாலும் மாறாது."

விஷயம் அதுதான். முட்டை வைக்கும் காலம் முடிந்ததும் ஆண் தட்டைவாயன் அலங்கார இறகை உதிர்த்துவிடும். கொஞ்ச காலம் பறக்கவே முடியாமல் புதருக்குள் ஒளிந்து கிடக்க வேண்டிய வேளை அது. அப்போது பளபளப்பு ஆபத்து. அதனால் பெண்ணைப் போலவே பழுப்பைப் போட்டுக்கொள்ளும். சிறகு முளைத்து இங்கே வந்து இறங்கும்போதும் அந்தப் பழுப்பு கலைந்திருக்காது. பச்சையும் வெள்ளையும் திரும்ப ஏறி முடிய நடுக்குளிர் ஆகிவிடும். வாத்து பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கலர் அண்ணனுக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அவை முழுதாக உடுத்தி முடித்த பிறகு போய்ப் பார்த்தே பழகியவர்.

"இந்தாங்க, நீங்களே பாருங்க" என்று பைனாகுலரை நீட்டினார் பெரியம்மா.

வாழ்க்கையில் முதன்முறையாக அவர் அதை வாங்கினார். பழக்கமில்லாததில் முதலில் கோரைதான் தெரிந்தது. பிறகு ஒரு பழுப்புத் தலை. அதில் ஒரு மஞ்சள் கண். மஞ்சளைக் கண்டுவிட்டார், சரி. ஆனால் பல் டாக்டர் சுவரில் தோற்றது நீலத்தில். அந்தச் சந்தேகம் இன்னும் உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பருந்து சூளைப் புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு தாழப் பறந்து வந்தது. குளமே வெடித்த மாதிரி வாத்துகள் எழும்பின. பழுப்புச் சிறகுகள் விரிந்தன. விரிந்த சிறகின் மேல், தோள்பக்கம், ஒரு பட்டை நீலம்! மஞ்சக்கண்ணர்களுக்குத் துலக்கமாக, மற்றவர்களுக்குச் சாம்பல் பூத்தாற்போல.

"ஏய்!" என்று கத்தியே விட்டார் அண்ணன். "நீலம்மா! வெள்ளையில மூணு சொட்டு நீலம், இல்ல, ரெண்டே முக்கால்! கூட முள்ளு முனை அளவு கறுப்பு! பக்கத்துல இருக்கே, அதுல கறுப்பு கொஞ்சம் தூக்கல்! பாத்தியா? பாத்தியா நீ?"

பெரியம்மா வானத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ரெண்டும் தபால்காரர் சைக்கிள்தான்" என்றார். "ஆனா கண்ணு போனவன் முள்ளு முனைக் கறுப்பெல்லாம் பேச மாட்டான். கிளம்புங்க, கடைக்கு நேரமாச்சு. நானும் வர்றேன். உங்க பல் டாக்டர் சுவருக்கு என்ன கேடுன்னு பாத்துடலாம்."

அந்தக் கேட்டைக் கண்டுபிடிக்கப் பெரியம்மா கடைக்குள் காலெடுத்து வைக்கவே வேண்டியிருக்கவில்லை. அண்ணன் வழக்கம்போல வாசலில் நின்று, டாக்டர் மாதிரிக்குக் கொடுத்திருந்த போன வருஷ நீல அட்டையைத் தூக்கிப் பிடித்தார். பெரியம்மா தெருவிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க, உங்களுக்கு மஞ்சக்காமாலையா?"

"என்ன உளர்ற?"

"மூஞ்சி, சட்டை, கையில இருக்கற அட்டை, எல்லாம் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கு. மேல பாருங்க."

அவர் மேலே பார்த்தார். தானே தேர்ந்தெடுத்த தகடு, தானே மெச்சிக்கொண்ட ஆரஞ்சு. அதன் வழியாக இறங்குகிற வெளிச்சத்தில் நீலம் செத்துத்தான் போகும், ஒரு நீலத்துக்கும் இன்னொன்றுக்கும் பேதம் தெரியாது. டியூப்லைட்டை நம்பாத மனுஷர், நல்ல வெளிச்சம் என்று தேடி வந்து நின்றது இதற்குக் கீழேதான். தினமும் அங்கேயே நின்று பார்த்ததில் கண் பழகி, உறைக்காமல் போய்விட்டது.

உள்ளிருந்து முதலாளி ஓடிவந்தார். விஷயம் புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, நீங்கதானே செலக்ட் பண்ணீங்க!"

"ஆமா தம்பி, நல்ல ஆரஞ்சுன்னு நினைச்சேன்" என்றார் அண்ணன். அசடு வழிந்தது. எதிர்க்கடை டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பாதி டீ கீழே போனது.

அண்ணன் நிற்கிற இடத்துக்கு மேலே இருந்த தகட்டை மட்டும் அன்றே கழற்றினார்கள். பல் டாக்டரின் சுவருக்குப் புது டின்னை அண்ணன் தானே சுமந்துகொண்டு போனார். மெஷினும் பிறகு வரத்தான் செய்தது. அதற்கு அவர் 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார். எல்லாரும் அதைத் தாங்குகிறார்களே என்ற எரிச்சல். ஆனால் மாப்பிள்ளை கலக்கித் தருவதையெல்லாம் வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து, ஒரு சொட்டு கூட்டியோ குறைத்தோ தந்தது அவர்தான்.

பெரியம்மா அத்தோடு விடவில்லை. பிடிவாதமாகக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். வலது கண் கல்லுப்போல இருந்தது. இடது கண்ணில் லேசாகப் புரை விழ ஆரம்பித்திருந்தது. "இப்போதைக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம், பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

நடுக்குளிரில் வழக்கமான விடுமுறைக் காலையில் குளத்துக்குப் போனார்கள். தட்டைவாயன்கள் எல்லாம் உடுத்தி முடித்திருந்தன. பச்சைத் தலை, வெள்ளை நெஞ்சு, செங்கல் விலா, மஞ்சள் பொத்தான் கண். அண்ணன் இடது கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு கையை மாற்றி இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வாத்து ஒன்று தலையைத் திருப்பியது. பச்சை நீலமானது, நீலம் கறுப்பானது, மறுபடி பச்சையானது.

"ஏம்மா."

"ம்."

"உண்மையைச் சொல்லு. நம்ம கதவும் இந்தப் பச்சையும் ஒண்ணுதானே?"

பெரியம்மா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "ஒரு வருஷம்கூட ஒண்ணா இருந்ததில்ல" என்றார்.

அண்ணன் அதிர்ந்துபோனார். "உனக்குத்தான் கலரே தெரியாதே!"

"எனக்கே தெரியற அளவுக்கு இருந்துச்சு."

"அப்ப நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னது?"

"நல்லா இருக்கான்னு கேட்டீங்க, நல்லா இருக்குன்னு சொன்னேன். ஒண்ணா இருக்கான்னு என்னைக்காவது கேட்டீங்களா? கேட்டு, இல்லைன்னு சொல்லியிருந்தா, ஒண்ணாகற வரைக்கும் கதவை அடிச்சுக்கிட்டே இருந்திருப்பீங்க. பெயிண்ட் காயாத கதவுல நான் எப்படி வீட்டுக்குள்ள போறது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும், இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததையும் கேட்டுவிட்டார். "இடது கண்ணுல ஆரம்பிச்சிருச்சு. நாளைக்கு வலதுலயும் வந்து, நிஜமாவே கலர் தெரியாம போயிட்டா? அந்தக் கதவுகூட எனக்குச் சாம்பலாத்தானே தெரியும்?"

பெரியம்மா கையிலிருந்த ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டார்.

"ஸ்கூல் விட்டு தெருமுனைல திரும்பினதும் முதல்ல அந்தக் கதவைத்தான் பாப்பேன். இன்னைக்கு வரைக்கும் அது பச்சையான்னு பாத்ததில்லைங்க. திறந்திருக்கா, நீங்க வந்துட்டீங்களான்னுதான் பாத்திருக்கேன்."

அண்ணன் பெரியம்மாவின் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி வாங்கி, அவசரமாகக் கண்ணில் வைத்துக்கொண்டார். அவர் திரும்பியிருந்த பக்கம் வெறும் கோரைதான், வாத்து ஒன்றுகூட இல்லை. பெரியம்மா அதைச் சொல்லாமல் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார்.